அருவா எடுக்குறதுக்கு முந்துன நாலு மணி நேரம்

ஒரு தம்பி கேட்டிருந்தாப்ல. பெங்களூர்ல வேலை, ரூம்மேட் பாலக்காட்டுக்காரப் பையன், தீபாவளிக்கு இவரோட மதுரைக்கு வர்றேன்னுட்டானாம், ஆனா டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி "உங்க ஊர்ல பஸ் ஸ்டாண்டுலயே வெட்டுவாங்களாமே"ன்னு நெசமாவே கேட்டிருக்கான். அதனால மதுரைய வச்சு வந்ததுல பழசு புதுசு ரெண்டுலயும் எத அவனுக்குப் போட்டுக் காட்டலாம், அருவா இல்லாம ஒரு படம் கூடவா இல்லங்கிறது தம்பியோட கேள்வி.

மொதல்ல ஒண்ண ஒத்துக்கிறேன் தம்பி, அந்தப் பையன் மேல தப்பே இல்ல. கோபுரத்த மேல இருந்து ஒரு ஷாட்டு, கூடவே உறுமி, அடுத்த ஷாட்டுல வெள்ள வேட்டி வெள்ள சட்டைல இருபது பேரு டாட்டா சுமோல இருந்து எறங்குவாய்ங்க. அந்த வண்டி தயாரிக்கிறதையே 2019-ல நிறுத்திட்டாய்ங்க, நம்ம சினிமாவுல மட்டும் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. 2004-ல வந்த கில்லிய எடுத்துக்கங்க, அதோட மூலக்கதை தெலுங்கு ஒக்கடு, அதுல வில்லனுக்கு ஊரு கர்னூல், தமிழுக்கு வரும்போது கர்னூல் மதுரையாயிருச்சு. ரவுடிக்கு ஒரு ஊரு வேணும்னா கேள்வியே கேக்காம நம்ம ஊரத்தான் எழுதுறாய்ங்க. அதுக்காக படம் புடிக்காதுன்னு சொல்ல மாட்டேன், 2024 ஏப்ரல்ல ரீ-ரிலீஸ் பண்ணப்ப நானும் போயி விசில் அடிச்சுட்டுத்தான் வந்தேன், தொண்டை கட்டி ரெண்டு நாள் வீட்ல பேச முடியல. ஆனா அது மதுரப் படம் கெடையாது, மதுரைல நிக்கிற படம்.

நான் விமர்சகன் எல்லாம் இல்ல, சிம்மக்கல் பக்கம் ஒரு செராக்ஸ் கடை, அம்புட்டுதான். ஆனா எங்க தாய்மாமன் திருமங்கலம் பக்கம் ஒரு தியேட்டர்ல ஆபரேட்டரா இருந்தாரு, பத்து வயசுல இருந்து லீவு விட்டா எனக்கு கேபின்தான் வீடு. அப்பல்லாம் கார்பன் குச்சி, ரெண்டு குச்சி எதிர எதிர நின்னு எரியும், அது எரிய எரிய கைப்பிடியத் திருகி கிட்டக்க கொண்டு வந்துக்கிட்டே இருக்கணும், கொஞ்சம் அசந்தாலும் திரையில படம் மஞ்சளாயிரும், கீழ இருந்து "டேய் ஆபரேட்டரு"ன்னு ஆரம்பிச்சு எங்க பாட்டி வரைக்கும் வைவாய்ங்க. ரெண்டாயிரம் அடி ரீலு இருபத்திரண்டு நிமிசம் ஓடும், அதுக்குள்ள அடுத்த மிஷின்ல அடுத்த ரீல மாட்டி ரெடியா நிக்கணும். இதுல மாமா எங்க படம் பாக்குறது, அவரு படத்தக் கேட்டாரு. ஜனத்தையும் கேட்டாரு. பெஞ்சு கிரீச் கிரீச்னு சத்தம் வந்தா ஜனம் நெளியுது, சீன் படுத்துருச்சுன்னு அர்த்தம். அவரு ஒரு தடவ சொன்னது இன்னும் மனசுல நிக்கிது, சண்டை வரும்போது பெஞ்சு சத்தம் கேக்காதுடா மாப்ள, அது பெருசில்ல, சண்டைக்கு முன்னாடி எவன் படத்துல பெஞ்சு சத்தம் கேக்கலையோ அவன்தான் படம் எடுக்கத் தெரிஞ்சவன்.

மதுரப் படத்துக்கெல்லாம் நான் வச்சிருக்கிற ஒரே ஸ்கேலு இதுதான் தம்பி. அருவா இருக்கா இல்லையாங்கிறது கேள்வியே இல்ல. அருவாள எடுக்குறதுக்கு முந்துன நாலு மணி நேரம் அவன் என்ன பண்ணிக்கிட்டு இருந்தான், எங்க உக்காந்திருந்தான், யாருக்கு கடன்பட்டிருந்தான், சாப்ட்டானா, அத எந்தப் படம் காட்டுதோ அது நம்ம ஊருப் படம். காட்டலன்னா அது கர்னூலா இருந்தாலும் ஒண்ணுதான், காரைக்குடியா இருந்தாலும் ஒண்ணுதான்.

சுப்ரமணியபுரத்துல (2008) ஜனம் ஞாபகம் வச்சிருக்கிறது கழுத்தறுக்குறதையும் அந்தக் கண்ணு பாட்டையும்தான். நான் ஞாபகம் வச்சிருக்கிறது அந்த அஞ்சு பேரும் மைக் செட்டுக் கடைல வெட்டியா உக்காந்திருக்கிறத. வேலை கெடையாது, ராத்திரியானா தண்ணி, சலம்பல், போலீஸ் புடிச்சுட்டுப் போகும், எதுத்த வீட்டு அரசியல்வாதி குடும்பம் வந்து எடுத்து விடும். இப்படி நாலஞ்சு தடவ எடுத்து விட்ட ஆளு ஒருநாள் ராத்திரி வந்து, எங்கண்ணன் தல குனிஞ்சு நிக்கிறாருடா எனக்காக ஒருத்தன முடிச்சுக் குடுங்கன்னு நின்னா, மாட்டேன்னு எப்படிச் சொல்றது? சசிகுமார் அத சொல்லவே மாட்டாரு, காட்டிக்கிட்டே வருவாரு. கொலைக்கு காரணம் வீரமும் இல்ல சாதி வெறியும் இல்ல, வாங்குன உதவி. எங்க ஏரியாவுல அப்படி வாங்குன உதவிக்கு வாழ்க்கையக் குடுத்தவன் ரெண்டு பேர எனக்கே தெரியும், அது வேற கதை. படத்துக்குள்ள முரட்டுக்காளை ரிலீஸ் ஆகுற தியேட்டர் சீன் ஒண்ணு வரும் பாருங்க, 1980-ல நம்மாளுக தியேட்டர்ல எப்படி இருந்தாய்ங்கன்னு யாராச்சும் கேட்டா அதப் போட்டுக் காட்டிருங்க. அனுராக் காஷ்யப் தன்னோட கேங்ஸ் ஆஃப் வாஸேபூர் (2012) ஆரம்பத்துல பாலா, அமீர், சசிகுமார் மூணு பேருக்கும் மதுரை மும்மூர்த்திகள்ங்கிற மாதிரி நன்றி போட்டாரு. நம்ம ஊர்ல அத இன்னைக்கும் பெருமையா சொல்லிக்கிருவாய்ங்க, ஆனா அதுக்கப்புறம் இங்க வந்த அம்பது படமும் சுப்ரமணியபுரத்துல இருந்து தாடியையும் பெல்பாட்டத்தையும் மட்டும் எடுத்துக்கிச்சு, மைக் செட்டுக் கடைய விட்டுருச்சு.

ஆடுகளம் (2011) எனக்கு அதுக்கும் ஒரு படி மேல. திருப்பரங்குன்றம், சேவக்கட்டு. ஆறு தேசிய விருது வாங்குன படம், ஆனா அதச் சொல்லி யாரையும் பாக்க வைக்க முடியாது. நான் இப்படிச் சொல்லுவேன்: ஒரு பெரிய மனுசன், ஊரே மதிக்கிற வாத்தியார், தன் கையால வளந்த பய தன்னவிட பெரிய ஆளாயிட்டான்னு தெரிஞ்ச அந்த ஒரு ராத்திரில என்ன ஆவான்? அம்புட்டுதான் படம். அதுல வெட்டுக்குத்த விட பயமா இருக்கிறது பேட்டைக்காரன், அதான் அந்த வாத்தியார், மொகம் மாறுறது. நடிச்சது வ.ஐ.ச. ஜெயபாலன், ஈழத்துக் கவிஞர், குரல் ராதாரவி. ரெண்டும் ஒட்டுன எடம் தெரியவே தெரியாது. எதிர் பக்கத்து இன்ஸ்பெக்டருக்கும் ஒரு காரணம் வச்சிருப்பாரு வெற்றிமாறன், சாகப்போற ஆத்தா ஒரே ஒரு தடவ மகன் ஜெயிக்கிறதப் பாக்கணும்னு ஏங்கும், யூனிஃபார்ம் போட்ட ஆளு அதுக்காக வந்து கெஞ்சுவாரு. வில்லனுக்கு அம்மா இருக்குன்னு ஞாபகம் வச்சிருக்கிற படம் எத்தன இருக்கு சொல்லுங்க.

பேச்சப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லிர்றேன், எரிச்சல் தாங்கல. சென்னைல இருந்து வர்றவய்ங்களுக்கு மதுர பாஷைன்னா "ஏலே"ன்னு கத்துறது. யோவ், அது திருநெல்வேலி! நம்ம ஆளு "ஏலே"ன்னு கூப்புட்டா பக்கத்துல இருக்கிறவன் திரும்பிக் கூட பாக்க மாட்டான். நம்மளுது வந்தாய்ங்க போனாய்ங்க, அங்கிட்டு இங்கிட்டு, அப்புறம் எதிரிய வையும்போது கூட "அண்ணே"ன்னு ஆரம்பிக்கிறது. அண்ணேன்னு மரியாதையா கூப்புட்டுட்டு அடுத்த வார்த்தையில மானத்த வாங்குறதுதான் நம்ம ஊரு பேச்சோட அழகே. வடிவேலு மதுரக்காரரு, அவரு காமெடில பாதி இதுதான்.

பருத்திவீரன் (2007) பத்தி கேட்டா ரெண்டு மனசு. ஆரம்பத்துல அந்த திருவிழா, கரகம், குறவன் குறத்தி, கூட்டத்துக்குள்ள கேமரா அலையிறது, சித்தப்பன் செவ்வாழையும் மகனும் சும்மா திரியிறது, இதெல்லாம் தங்கம். பிரியாமணிக்கு தேசிய விருது கெடைச்சது நூத்துக்கு நூறு நியாயம். ஆனா அந்தக் கடைசி இருபது நிமிசம் தியேட்டர்ல ஒரு தடவ பாத்ததோட சரி. எங்க வீட்டம்மா அப்ப சொன்னா, பய பண்ணுன பாவத்துக்கெல்லாம் அந்தப் புள்ள ஏன் அனுபவிக்கணும்னு. பதினெட்டு வருசமா பதில் தேடுறேன், அமீரோட படமெடுக்குற திறமைய வச்சு பதில் சொல்ல முடியல. காதல் (2004) அந்த வகையில நேர்மையான படம், மெக்கானிக் பையனும் வசதியான வீட்டுப் பொண்ணும், ரயில்ல கூட வந்த ஒருத்தர் சொன்ன கதைன்னு பாலாஜி சக்திவேலே சொல்லிருக்காரு. அதுல வர்ற ஒர்க் ஷாப்ப பாருங்க, அந்த கிரீஸ் கை, அந்த சின்னப் பயலோட நக்கலு, அச்சு அசலு.

ஜிகர்தண்டாவ (2014) விட்டா எனக்கு சோறு எறங்காது. மதுரைல ரவுடிப் படம் எடுக்கணும்னு சென்னைல இருந்து கெளம்பி வர்ற டைரக்டரத்தான் அந்தப் படமே கலாய்க்குது! ரவுடியோட கதைய எழுத வந்தவன் கடைசில ரவுடிய நடிக்க வச்சு காமெடியனாக்கி விட்டுருவான். கார்த்திக் சுப்பராஜ் நம்ம ஊருக்காரரு, நம்ம மேல ஒட்டி விட்ட லேபிள உரிச்சு நம்மளையே சிரிக்க வச்சாரு. பாபி சிம்ஹாவுக்கு அதுக்குத்தான் தேசிய விருது. தம்பி, ஒங்க பாலக்காட்டுப் பையனோட கேள்விக்கு நேரடி பதில் வேணும்னா இந்தப் படம்தான்.

பழசுக்கு வர்றேன். இங்கதான் பல பேரு என்னோட சண்டைக்கு வருவாய்ங்க. நான் பாத்ததுலயே சுத்தமான மதுரப் படம் 1965-ல வந்த திருவிளையாடல். செட்டுல எடுத்த படம், சாமி படம், மேக்கப்பு பளபளன்னு இருக்கும், எல்லாம் சரி. ஆனா தருமிய பாருங்க. ஆயிரம் பொன்னு அறிவிச்சிருக்காய்ங்க, பாட்டு எழுத வராது, கோயில்ல நின்னு தனக்குத்தானே பொலம்புறான், பாட்டு எழுதிக் குடுக்க வந்தவன் சாமின்னு தெரியாம அவன்கிட்டயே கேள்வியா கேட்டுத் தள்ளுறான், பரிசு கெடைச்சா எப்படி, அடி கெடைச்சா அத யாரு வாங்குறதுன்னு முன்கூட்டியே கணக்கு பேசுறான். இந்த ஆள நான் தெனமும் எங்க கடைக்கு எதுத்த டீக்கடைல பாக்குறேன். நாகேஷ் அந்த சீன ஒண்ணற நாள்ல நடிச்சுக் குடுத்துட்டுப் போனாரும்பாய்ங்க. அப்புறம் நக்கீரனா வர்ற டைரக்டர் ஏ.பி. நாகராஜன், கடவுளே வந்தாலும் தப்பு தப்புதான்னு நிக்கிறது, அதுவும் மதுரதான், நாம யாருகிட்ட வாக்குவாதம் பண்ணாம விட்டிருக்கோம்?

அதே படத்துல ஹேமநாத பாகவதர் கதை. பெரிய வித்துவான், பாண்டிய நாட்டையே அடிமையா எழுதி வாங்க வந்தவரு, அவர எப்படித் தோக்கடிக்கிறாய்ங்க? படையா வருது? வெறகு விக்கிற ஒருத்தன் திண்ணைல வந்து படுத்துக்கிட்டு பாடுறான், அம்புட்டுதான், ராவோட ராவா பாகவதர் ஊரக் காலி பண்ணிர்றாரு. அந்தக் கொரலு டி.எம்.சௌந்தரராஜன், 1922-ல இதே மதுரைல பொறந்தவரு. எங்க மாமாவுக்கு அந்த ரீலு மனப்பாடம், பாகவதரா நடிச்ச பாலையாவோட மொகம் மாறும்போது கார்பன் கைப்பிடியத் திருகுறத விட்டுட்டு ஓட்டை வழியா எட்டிப் பாப்பாரு, அந்த ஒரு எடத்துல மட்டும் படம் லேசா மஞ்சளாகும், ஆனா கீழ எவனும் வைய மாட்டான்.

பெரிய தியேட்டர்னு சொன்னா தங்கம். 2563 சீட்டு, ஆசியாவுலயே பெருசுன்னு பேரு, 1952 தீபாவளிக்கு பராசக்தி போட்டு ஆரம்பிச்சது. இப்ப அந்த எடத்துல ஜவுளிக்கடை. தீபாவளிக்கு துணி எடுக்கப் போகும்போது வீட்டம்மா சேல பாக்குற நேரத்துல நான் ஸ்கிரீன் எந்தப் பக்கம் இருந்திருக்கும்னு பாத்துக்கிட்டு நிப்பேன், சேல்ஸ் பையன் ஜென்ட்ஸ் மேல சார்ம்பான்.

அருவாளே இல்லாம ஒரு மனுசன் எம்புட்டு கெட்டவனா இருக்க முடியும்னு பாக்கணுமா, உதிரிப்பூக்கள் (1979). இது மதுரப் படம்னு சொல்ல வரல, ஆனா இந்தப் பேச்சுல அது இல்லாம எப்படி. புதுமைப்பித்தனோட சிற்றன்னை கதைய அடியா வச்சு மகேந்திரன் எடுத்தது. விஜயன் குரல ஒசத்தவே மாட்டாரு, ஆள அடிக்க ஆள் வைக்க மாட்டாரு, துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு மெதுவாப் பேசுவாரு, நமக்கு வயிறு கலங்கும். கடைசில ஆத்தங்கரைல ஊரே கூடி நிக்கிற சீன்ல மகேந்திரன் தண்டனைய அவனுக்கு மட்டும் குடுக்கல, நின்ன எல்லாத்துக்கும் குடுத்தாரு. தேவர் மகன் (1992), விருமாண்டி (2004) ரெண்டும் தொழில்ல உச்சம், யாரும் மறுக்க முடியாது, ஆனா தேவர் மகன் பாட்ட எங்க பக்கத்துல எந்தக் கூட்டத்துல எதுக்கு ஸ்பீக்கர்ல போட்டாய்ங்கன்னு தெரிஞ்சவனுக்கு அந்தப் படத்த வெறும் படமா பாக்க முடியாது. மாரி செல்வராஜ், அந்தப் படத்துல வடிவேலு நடிச்ச இசக்கிதான் என்னோட மாமன்னன்னு சொல்லி 2023-ல அதே வடிவேலுவ நடுவுல உக்கார வச்சாரு பாருங்க, முப்பது வருசம் கழிச்சு வந்த பதில் அது. மாமன்னன் படத்துல எனக்கு குறை உண்டு, ரெண்டாம் பாதி வழக்கமான எலெக்ஷன் படமாயிருச்சு, ஆனா வடிவேலு மலை மேல தனியா நிக்கிற சீனுக்கு குறையே கெடையாது.

இப்ப புதுசு. புதுசுல நம்ம ஊர ஒழுங்கா எடுக்குற ஆளு பி.எஸ். வினோத்ராஜ்தான், வேற பேச்சே இல்ல. கூழாங்கல் நம்ம மேலூர் பக்கம் அரிட்டாபட்டி காட்டுல எடுத்தது, ராட்டர்டாம் விழாவுல 2021-ல டைகர் விருது, இந்தியாவுல இருந்து ஆஸ்கருக்கு அனுப்புன படம். கதைன்னு பாத்தா ஒண்ணுமில்ல, குடிகார அப்பன், கோவிச்சுட்டுப் போன ஆத்தாள கூட்டியாரப் போறான், மகன பள்ளிக்கூடத்துல இருந்து இழுத்துக்கிட்டுப் போறான், திரும்பி வர்றப்ப பஸ்ஸுக்கு வச்சிருந்த காச பய கிழிச்சுப் போட்டுர்றான், வெயில்ல ரெண்டு பேரும் நடக்குறாய்ங்க. அந்தப் பய வாயில ஒரு கல்லப் போட்டு ஒதுக்கிக்கிறான், தாகத்துக்கு. நாங்க சின்னப் பிள்ளைல கல்லு போட்டிருக்கோம் தம்பி, புளியங்கொட்டையும் போட்டிருக்கோம், அத சினிமாவுல பாப்பேன்னு நெனச்சதில்ல. வீட்டுக்கு வந்ததும் அந்தக் கல்ல மாடத்துல வைப்பான், அங்க ஏற்கனவே அதே மாதிரி கல்லு வரிசையா இருக்கும். எத்தன தடவ இப்படி நடந்திருக்காய்ங்கன்னு அந்த ஒரு ஷாட்டுல தெரிஞ்சுரும், எனக்கு அந்த எடத்துல எந்திரிச்சுப் போயி தண்ணி குடிக்கணும் போல இருந்துச்சு.

அடுத்து கொட்டுக்காளி (2024 ஆகஸ்ட்), சூரியும் அன்னா பென்னும். பேக்ரவுண்டு மியூசிக்கே கெடையாது. ஒரு குடும்பம் ஆட்டோவுல, பைக்குல சாமியாடிகிட்ட போகுது, பொண்ணுக்கு பேய் புடிச்சிருக்குன்னு நெனப்பு, நெசத்துல அதுக்கு வேற ஒருத்தன் மேல ஆச. சூரி நம்ம ராஜாக்கூர்க்காரரு, தொண்டைல சுண்ணாம்பு தடவிக்கிட்டு கட்டுன கொரல்ல பேசிக்கிட்டே வருவாரு, வர்ற வழில ஸ்பீக்கர்ல ஒரு பழைய பாட்டு ஓடும், அந்தப் பொண்ணு லேசா வாய அசைக்கும், அம்புட்டுதான், அடி விழும் பாருங்க, அவளுக்கு மட்டுமில்ல, தடுக்க வந்த பொம்பளைகளுக்கும். அருவா இல்ல. அதவிட மோசம். நான் பாத்த அன்னைக்கு ஹால்ல மொத்தம் பதினோரு பேரு, தியேட்டர் பேரு வேணாம், பக்கத்து ஸ்கிரீன்ல என்னமோ மாஸ் படம், செவுத்தத் தாண்டி டொம் டொம்முன்னு இங்க வந்து விழுது. சத்தமே இல்லாத படத்துக்கு அடுத்தவன் படத்து பிஜிஎம்! புரொஜெக்டர் பல்ப வேற காசு மிச்சம் புடிக்க மாத்தாம ஓட்டுறாய்ங்க போல, பட்டப்பகல் சீன் சாயங்காலம் மாதிரி இருக்கு. இன்டர்வல்ல கேட்டேன், "படமே அப்பிடித்தான் சார்"னு சொல்லிட்டாப்ல. எங்க மாமா இருந்திருந்தா கேபினுக்கே ஏறிப் போயிருப்பாரு. ஆனா ரோட்ட மறிச்சு ஒரு காள நிக்கும், ஆம்பளைக அத்தன பேரும் முழிப்பாய்ங்க, சின்னப் புள்ள ஒண்ணு வந்து சாதாரணமா அத ஓட்டிக்கிட்டுப் போகும், அப்ப அந்தப் பதினோரு பேரும் ஒண்ணா சிரிச்சோம். ஒரு நாற்காலி சத்தம் கேக்கல.

இன்னும் ரெண்டு, சுருக்கமா. மெய்யழகன் (2024) தஞ்சாவூர்ப் படம், ரெண்டு பேரு விடிய விடிய உக்காந்து பேசுறது, ரிலீஸுக்கு அப்புறம் 18 நிமிசத்த வெட்டிட்டாய்ங்க. நான் வெட்டாதத பாத்தவன், வெட்டுனது தப்புன்னு கோயில்ல சூடம் அடிச்சு சொல்லுவேன். பேசுறதுதான் படம், அதுல எத வேணாம்னு எடுக்குறது? தலைவன் தலைவி (2025) பரோட்டா மாஸ்டர் கதை, கல்லு, மாவு, அந்த வேகம் எல்லாம் அசலு, புருசன் பொண்டாட்டி சண்டையும் அசலு, ஆனா படம் முச்சூடும் அத்தன பேரும் கத்திக்கிட்டே இருக்காய்ங்க. நம்ம வீட்லயும் கத்துவோம்தான், நடுவுல சோறு போடுறப்ப ஒரு அமைதி வரும்ல, பாண்டிராஜ் அத மறந்துட்டாரு. விஜய் சேதுபதி, நித்யா மேனன் ரெண்டு பேரும் இல்லன்னா பாதில எந்திரிச்சிருப்பேன்.

தம்பி, ஒங்க ரூம்மேட்டுக்கு மொதல்ல ஜிகர்தண்டாவ போடுங்க, சிரிச்சு பயம் தெளியட்டும். அடுத்து ஆடுகளம். கூழாங்கல்ல ரயில்ல வரும்போது போன்ல பாக்க விட்டுராதீக, சோனி லிவ்ல இருக்கு, லீவு நாள்ல மத்தியானம் பெரிய டிவில போடுங்க, ஏசி ஃபேன் ரெண்டையும் அமத்திட்டு பாத்தீங்கன்னா இன்னும் விசேசம். திருவிளையாடல் சப்டைட்டில்ல தருமி செத்துருவான், அதுனால அத ஊருக்கு வந்தப்புறம் நம்ம வீட்ல போட்டுக்கலாம், நான் பக்கத்துல உக்காந்து வரிக்கு வரி சொல்றேன். பையன் பஸ்ஸுல வந்தா மாட்டுத்தாவணில எறங்கி ஒரு போன் போடச் சொல்லுங்க. அங்கன யாரும் வெட்ட மாட்டாய்ங்க, ஆட்டோக்காரய்ங்க கேக்குற ரேட்டுக்குத்தான் கொஞ்சம் நெஞ்சு தைரியம் வேணும்.